காப்பு நகலிலிருந்து புதிய கணினிக்கு: எது வந்து சேர்கிறது, எது வழியில் நின்றுவிடுகிறது?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு உள்ள கணினியில்தான் முறைப்படி நிறுவப்படும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏராளமான கணினிகள் இதனால் ஒரே நாளில் பழையனவாயின. வீடுகளிலும் கணக்கர் அலுவலகங்களிலும் டிடிபி மையங்களிலும் புதிய கணினி வாங்கும் பேச்சு எழுந்தது. விலையும் மாடலும் பற்றி நிறைய விசாரிக்கிறோம். பழைய கணினியில் சேர்ந்திருக்கும் பல ஆண்டு உழைப்பு புதியதற்கு எப்படிப் போய்ச் சேரும் என்ற கேள்விக்கு மட்டும், “பேக்கப் இருக்கிறதே” என்ற ஒரு பதிலோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அந்தப் பதில் போதாது. புதிய கணினியில் ஒரு வேலை பழையபடி தொடர மூன்று வேண்டும்: கோப்பு, அதைத் திறக்கும் நிரல் அல்லது எழுத்துரு, அதன் பூட்டை நீக்கும் கடவுச்சொல் அல்லது உரிமம். வெளி வட்டில் நாம் எடுத்துவைக்கும் நகலில் பெரும்பாலும் முதலாவது மட்டுமே இருக்கும். மற்ற இரண்டும் இல்லாத குறை, பழைய கணினியை விற்றோ அழித்தோ முடித்த பிறகுதான் தெரியவருகிறது. இடமாற்றத்தின் முறைகளையும் இடர்களையும் இந்த மூன்றையும் கொண்டே எடைபோடலாம்.

நகல் எடுத்தல் வேறு, மீட்டெடுத்தல் வேறு

கணினித் துறையின் பெரிய இழப்புகளைப் பார்த்தால், நகலே எடுக்காததால் நேர்ந்தவை ஒருபுறம் இருக்க, எடுத்த நகல் மீண்டு வராததால் நேர்ந்தவையும் பல. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையத்தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் முதன்மைத் தரவுத்தளம் ஒரு பொறியாளரின் கைத்தவறால் அழிந்தது. தரவைக் காக்க அங்கே ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. அவசரத்துக்கு அவற்றில் எதுவும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. அன்றாட நகல் எடுக்கும் நிரல், தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமல் பல நாள்களாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் எச்சரிக்கை மின்னஞ்சல்களும் உரியவர்களை எட்டவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த பிரதியைக் கொண்டே தளம் மீண்டது. இவற்றையெல்லாம் அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதி வெளியிட்டது.

பிக்சாரின் ‘டாய் ஸ்டோரி 2’ படத்துக்கும் இதுவே நேர்ந்தது. 1998இல் தவறான ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் அழியத் தொடங்கின. நிறுவனத்தின் காப்பு நகலும் சரியாக இல்லை. குழந்தை பிறந்த பின் வீட்டிலிருந்து வேலை செய்துவந்த கேலின் சுஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் கணினியில் இருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது.

மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு இடத்தில் என்னும் ‘3-2-1’ விதியைப் பரப்பியவர் பீட்டர் குரோ என்ற ஒளிப்படக் கலைஞர். நல்ல விதிதான். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் கணினியும் அதே மேசையின் இழுப்பறையில் இருந்த பேக்கப் வட்டும் சேர்ந்தே மூழ்கியிருந்தால், மூன்றாவது பிரதியின் அருமை புரிந்திருக்கும். ஆனால் நகல்களை எங்கே வைப்பது என்பதோடு இந்த விதி நின்றுவிடுகிறது. வைத்தது திரும்பி வருமா என்று சோதிப்பது தனி வேலை. புதிய கணினி வாங்கும் நேரமே அந்தச் சோதனைக்கு ஏற்ற நேரம். அப்போது பழைய கணினியும் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது.

முழு வட்டா, கோப்புகள் மட்டுமா?

இடமாற்றத்துக்கு வழிகள் இரண்டு. இயங்குதளம், நிரல்கள், கோப்புகள் என்று வட்டு முழுவதையும் ஒரே பிம்பமாக எடுத்து அப்படியே புதிய கணினியில் இறக்குவது ஒன்று. புதிய கணினியில் நிரல்களைப் புதிதாக நிறுவிவிட்டுக் கோப்புகளை மட்டும் கொண்டுவருவது மற்றது.

அதே கணினியில் வட்டு மட்டும் பழுதாகி மாற்றப்பட்டால் முதல் வழி சிறந்தது. வேறு கணினி என்றால் தடைகள் குறுக்கிடும். பழைய பயாஸ் முறையில் தொடங்கிய வட்டுப் பிம்பம், யூஇஎஃப்ஐ முறையில் மட்டும் தொடங்கும் கணினியில் எழும்பாது. சேமிப்பகக் கட்டுப்பாட்டுக்கான டிரைவர் வேறாக இருந்தால் நீலத்திரை வரும். கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் விண்டோஸ் உரிமம் அந்தக் கணினிக்கே உரியது. இத்தனையும் தாண்டினாலும், பத்தாண்டுக் குப்பையும், இருந்தால் வைரஸும், புதிய கணினிக்குக் குடிவந்துவிடும்.

எனவே வேறு கணினிக்கு மாறும்போது கோப்புகளை மட்டும் கொண்டுவருவதே நலம். முழுப் பிம்பம் கையில் இருந்தால் அதை எறிய வேண்டியதில்லை. விண்டோஸின் சொந்த வசதியால் எடுத்த பிம்பம், விஎச்டிஎக்ஸ் என்ற கோப்பாக இருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதை ஒரு வட்டைப்போல இணைத்து, வேண்டிய கோப்புறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மறந்துபோன ஒன்று பின்னர் தேவைப்படும்போது இந்தப் பிம்பமே உதவும்.

ஆப்பிள் கணினிகளில் நிலை சற்று எளிது. 2007இல் லெப்பர்ட் பதிப்போடு வந்த டைம் மெஷின், ஒரு நாள் அளவுக்கு மணிக்கொரு நகலும், ஒரு மாதத்துக்கு நாளுக்கொரு நகலும், அதற்கு முந்தைய காலத்துக்கு வாரத்துக்கொரு நகலும் வைத்திருக்கும். புதிய கணினியின் தொடக்க அமைப்பின்போதே மைக்ரேஷன் அசிஸ்டன்ட் அதிலிருந்து கணக்குகளையும் நிரல்களையும் கோப்புகளையும் எடுத்துக்கொள்ளும். அப்படிக் கொண்டுவந்தாலும் எல்லாம் ஓடிவிடாது. 2019இல் வந்த காடலினா பதிப்பிலிருந்து 32 பிட் நிரல்கள் இயங்குவதில்லை. நிரல் வந்திருக்கும், திறக்காது.

விண்டோஸில் இதற்கான கருவிகள் வந்தும் போயும் இருந்திருக்கின்றன. விஸ்டாவிலும் விண்டோஸ் 7இலும் இருந்த ஈஸி டிரான்ஸ்ஃபர் விண்டோஸ் 10இல் இல்லை. எக்ஸ்பி காலத்து என்டிபேக்கப் எடுத்த பிகேஎஃப் நகலை விஸ்டா தானாகத் திறக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு மீட்புக் கருவியை வெளியிட வேண்டியிருந்தது. 2012இல் விண்டோஸ் 8உடன் வந்த ஃபைல் ஹிஸ்டரி, ஒவ்வொரு கோப்பின் பெயரோடும் தேதியையும் நேரத்தையும் சேர்த்துச் சேமிக்கிறது. அந்தக் கோப்புறையை நேரடியாக நகலெடுத்தால் ஒரே ஆவணம் இருபது பெயர்களில் வந்து நிற்கும். கன்ட்ரோல் பேனலில் உள்ள மீட்பு வசதி வழியாக எடுத்தால்தான் சரியான பெயரில் வரும். இதிலிருந்து பெறும் பாடம் தெளிவு: தனக்கென்று ஒரு வடிவத்தில் பொதிந்து வைக்கும் நகல், அந்த நிரல் இருக்கும் வரைதான் பயன்படும். நெடுநாள் வைக்க வேண்டியவற்றைச் சாதாரணக் கோப்புறைகளாகவும் ஒரு பிரதி வைக்க வேண்டும்.

‘டி’ டிரைவ் நம்பிக்கை

நம் ஊரில் கணினியை ஃபார்மட் செய்பவர் கேட்கும் முதல் கேள்வி, “முக்கியமானதெல்லாம் டி டிரைவில்தானே இருக்கிறது?” என்பது. ‘சி’யை அழிக்கலாம், ‘டி’ பத்திரம் என்ற பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. ஒரே வட்டின் இரு பகுதிகள்தாம் அவை. வட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். அதைவிட முக்கியம், நம் தரவில் பெரும்பகுதி நாம் வைத்த இடத்தில் இல்லை என்பது. டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் வழக்கமாக இருப்பது ‘சி’யில். உலாவியின் புக்மார்க்குகள், ஸ்டிக்கி நோட்ஸ் குறிப்புகள், அவுட்லுக் கையொப்பங்கள் ஆகியவை ஆப்டேட்டா என்ற மறைந்த கோப்புறைக்குள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாததை யாரும் நகலெடுப்பதில்லை.

மின்னஞ்சலைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய அலுவலகங்கள் பல இன்றும் பாப்3 முறையில் அஞ்சலை இறக்குகின்றன. சர்வரில் பிரதி விட்டுவைக்காமல் இறக்கிய அஞ்சல், கணினியில் உள்ள பிஎஸ்டி கோப்பில் மட்டுமே இருக்கும். அதை எடுக்காவிட்டால் எல்லா அஞ்சலும் போய்விடும். ஓஎஸ்டி கோப்பு அப்படியல்ல. அது சர்வரில் உள்ளதன் தற்காலிகப் பிரதி. புதிய கணினிக்கு எடுத்துப் போனாலும் அவுட்லுக் அதைத் திறக்காது. கணக்கைச் சேர்த்தால் அஞ்சல் தானே இறங்கும்.

சிறு வணிகர்களுக்கும் கணக்கர்களுக்கும் டேலிதான் உயிர். ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கும் எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு கோப்புறையில் இருக்கும். அது எந்த இடத்தில் என்பதை நிரலுக்குள்ளேயே பார்த்துக் குறித்துக்கொண்டு, டேலியின் பேக்கப் வசதியால் ஒரு நகலும் அந்தக் கோப்புறையின் நேரடிப் பிரதி ஒன்றும் எடுப்பது நல்லது. பழைய கணினி இயங்கும்போதே உரிமத்தைச் சரண்டர் செய்துவிட வேண்டும். பிறகுதான் புதியதில் அதை எளிதாக ஆக்டிவேட் செய்ய முடியும். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் புத்தகங்களை, ஆண்டு அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். மீண்டு வராத கணக்கு, சட்டச் சிக்கலாகவும் வளரக்கூடும்.

மேகச் சேமிப்பை நம்புவோர் இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். கூகுள் டாக்ஸில் எழுதிய ஆவணம் கணினியின் கோப்புறையில் ஜிடாக் என்ற கோப்பாகத் தெரியும். அது இணையத்தில் உள்ள ஆவணத்தைச் சுட்டும் சிறு குறிப்பு மட்டுமே. அதைப் பென் டிரைவில் நகலெடுத்தால் உள்ளடக்கத்தில் ஒரு வரிகூட வராது. ஒன்டிரைவ் கோப்புறையிலும் மேகக் குறி தெரியும் கோப்புகள் கணினியில் முழுதாக இல்லை. இன்னொன்று, ஒத்திசைவு என்பது காப்பு அல்ல. ஒரு கணினியில் அழித்த கோப்பு சிறிது நேரத்தில் எல்லா இடத்திலும் அழிகிறது. குப்பைத்தொட்டியில் சில நாள் இருக்கும். அந்தக் கெடு முடிந்தால் இல்லை.

பூட்டும் சாவியும்

இன்றைய கணினிகள் வட்டை மறையாக்கம் செய்தே வைக்கின்றன. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் இது பயனர் கேட்காமலேயே இயங்கிவிடுகிறது. திருட்டிலிருந்து காக்கும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் தாய்ப்பலகை பழுதாகி, வட்டை மட்டும் கழற்றி வேறு கணினியில் மாட்டினால், 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். எந்தக் கணக்கு, அதன் கடவுச்சொல் என்ன என்பது தெரியாவிட்டால் தரவு இருந்தும் இல்லாததே. ஆப்பிளின் டி2 சில்லு கொண்ட கணினிகளிலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் வட்டின் மறையாக்கம் அந்தச் சில்லோடு பிணைந்தது. அங்கே வெளியே எடுத்துவைத்த நகல் ஒன்றே துணை. மறையாக்கம் செய்த டைம் மெஷின் வட்டின் கடவுச்சொல்லை மறந்தால், அதைத் திறக்க ஆப்பிளாலும் முடியாது.

குரோம் உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் விண்டோஸ் பயனர் கணக்கோடு பிணைந்து பூட்டப்படுகின்றன. உலாவியின் கோப்புறையை முழுதாக நகலெடுத்துப் புதிய கணினியில் வைத்தாலும் கடவுச்சொற்கள் திறக்காது. கூகுள் கணக்கோடு ஒத்திசைக்க வேண்டும், அல்லது பழைய கணினியிலேயே ஏற்றுமதி செய்ய வேண்டும். ஏற்றுமதியான கோப்பில் எல்லாக் கடவுச்சொற்களும் வெளிப்படையாக இருக்கும் என்பதால், புதிய கணினியில் ஏற்றியவுடன் அதை அழித்துவிட வேண்டும். வரித்தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்பத்தின் தனிச் சாவி யூஎஸ்பி டோக்கனுக்குள் இருக்கிறது. எந்த நகலிலும் அது வராது. டோக்கனைப் பத்திரப்படுத்தி, புதிய கணினியில் அதற்குரிய டிரைவரை நிறுவினால் போதும்.

தமிழ்க் கோப்புகளின் தனிச் சிக்கல்

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு தடை உண்டு. யூனிகோட் பரவும் முன் பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று பல எழுத்துருக்களில், ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு குறியாக்கத்தில், ஏராளமாகத் தட்டச்சு செய்தோம். 1999இல் தமிழக அரசு டாம், டாப் குறியாக்கங்களைத் தரப்படுத்தியது. 2010இல் யூனிகோடுக்கு மாறியது. அந்த இடைக்கால ஆவணங்கள் புதிய கணினியில் பழுதின்றி வந்து சேர்ந்தாலும், உரிய எழுத்துரு இல்லையென்றால் திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். கோப்பு கெட்டுவிட்டதென்று கருதி அழித்தவர்கள் உண்டு. கெட்டது கோப்பு அல்ல. பழைய கணினியின் ஃபாண்ட்ஸ் கோப்புறையையும் சேர்த்து நகலெடுத்திருந்தால் எழுத்து திரும்பக் கிடைக்கும். பிறகு மாற்றி நிரல்களால் யூனிகோடுக்குக் கொண்டுவரலாம்.

யூனிகோட் ஆவணங்களிலும் ஒரு நுணுக்கம் உள்ளது. விண்டோஸ் 2000 முதல் பல ஆண்டுகள் கூடவே வந்த லதா எழுத்துரு, விண்டோஸ் 10 முதல் விருப்பத் தேர்வாகச் சேர்க்க வேண்டிய தமிழ்த் துணை எழுத்துருக்களில் ஒன்றாகிவிட்டது. புதிய கணினியில் அது இல்லாவிட்டால் வேறு எழுத்துரு அதன் இடத்தில் வரும். பக்கங்கள் நீண்டு, அட்டவணைகள் கலையும். அமைப்புகளில் விருப்ப வசதிகள் பகுதிக்குப் போய்ச் சேர்த்தால் சரியாகும். பேஜ்மேக்கரில் பக்கம் அமைத்த சிற்றிதழ்களுக்கும் பதிப்பகங்களுக்கும் இழப்பு பெரிது. 2001இல் வந்த 7.0தான் அதன் கடைசிப் பதிப்பு. அந்தக் கோப்புகளை இன்டிசைன் சிஎஸ்6 வரை திறக்க முடிந்தது. பின்னர் வந்தவை திறப்பதில்லை. பழைய கணினி ஓடும் வரை அவற்றை பிடிஎஃப் ஆகவும், உரையை யூனிகோடாகவும் மாற்றிவைப்பதே வழி.

கோப்பின் பெயரைத் தமிழில் வைப்பவர்கள் அறிய வேண்டியது: ஒரு யூனிகோட் தமிழ்க் குறி யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் கொள்ளும். ‘தமிழ்’ என்ற சொல்லுக்கே 15 பைட். லினக்ஸின் இஎக்ஸ்டி4 அமைப்பில் பெயருக்கு 255 பைட்தான் எல்லை. அதாவது 85 குறிகள். விண்டோஸில் தாராளமாக வைத்த நீண்ட தமிழ்ப் பெயர், லினக்ஸில் இயங்கும் பிணையச் சேமிப்புப் பெட்டிக்கு நகலாகாமல் நின்றுவிடும். ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளைப் பழைய மேக் வட்டுகள் கொம்பும் காலுமாகப் பிரித்துச் சேமித்தன. விண்டோஸ் விசைப்பலகையில் அவை பெரும்பாலும் ஒரே குறியாகப் பதிவாகின்றன. பார்வைக்கு ஒன்றாக இருக்கும் இரு பெயர்கள் கணினிக்கு வேறு வேறு, தேடினால் கிடைக்காது.

வட்டும் வேகமும்

500 ஜிபி தரவை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் மேகத்திலிருந்து இறக்க, முழு வேகம் கிடைத்தாலே 11 மணி நேரம் ஆகும். நொடிக்கு 100 எம்பி தரும் யூஎஸ்பி 3.0 வெளி வட்டிலிருந்து அதே அளவு ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். பல்லாயிரம் சிறு கோப்புகள் என்றால் இரண்டு வழியிலும் கூடுதல் நேரம் பிடிக்கும். ஃபேட்32 வடிவில் உள்ள பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பை ஏற்காது. பெரிய காணொளிகளும் பிஎஸ்டி கோப்புகளும் அங்கே தடைபடும். எக்ஸ்ஃபேட் வடிவில் அந்தத் தடை இல்லை. விண்டோஸும் மேக்கும் அதைப் படிக்கவும் எழுதவும் செய்யும்.

ஓர் எச்சரிக்கை. மேக் வடிவில் உள்ள வட்டை விண்டோஸில் செருகினால், வட்டைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும் என்று திரை கேட்கும். வட்டு பழுதில்லை, விண்டோஸுக்கு அந்த வடிவம் தெரியவில்லை, அவ்வளவுதான். அங்கே ‘சரி’ என்று அழுத்துவது நகலையே அழிப்பதாகும்.

வேலையின் வரிசை

மேற்கண்டவற்றைச் சேர்த்துப் பார்த்தால் வரிசை இப்படி அமையும். பழைய கணினி இயங்கும்போதே சாவிகளைத் திரட்ட வேண்டும்: கணக்குகள், கடவுச்சொற்கள், மீட்புச் சாவி, உரிமங்கள். அடுத்து, நிறுவியுள்ள நிரல்களையும் எழுத்துருக்களையும் பட்டியலிட வேண்டும். அதன்பின் இரண்டு வட்டுகளில் நகல்; ஒன்று புதிய கணினியில் செருகப்படாமலே தனியாக இருக்கட்டும். புதிய கணினியில் முதலில் இயங்குதளத்தைப் புதுப்பித்து, நிரல்களை நிறுவி, கடைசியாகக் கோப்புகளைக் கொண்டுவர வேண்டும். நகல் வட்டிலிருந்து வெட்டி ஒட்டக் கூடாது. நகலெடுத்து ஒட்ட வேண்டும். நடுவில் மின்சாரம் போனாலும் மூலம் அப்படியே இருக்கும். அனுமதி இல்லை என்று பழைய பயனர் கோப்புறை மறுத்தால், உரிமை மாற்றும் வேலையை ஒரு பிரதியில் மட்டும் செய்ய வேண்டும்.

பிறகு சரிபார்ப்பு. இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது முதல் படி. அது மட்டும் போதாது. ஒவ்வொரு வகையிலும் சிலவற்றைத் திறந்து பார்க்க வேண்டும். மிகப் பழைய படம், மிகப் பெரிய காணொளி, சென்ற ஆண்டின் கணக்கு, பழைய எழுத்துருவில் உள்ள ஓர் ஆவணம், அஞ்சல் பெட்டியின் முதல் கடிதம். டேலியில் ஓர் ஆண்டின் இருப்புநிலைக் குறிப்பை இரு கணினியிலும் எடுத்து ஒப்பிடலாம். ஒரு மாதச் சம்பளப் பட்டியல், ஒரு ஜிஎஸ்டி தாக்கல், ஓர் இதழின் அச்சு வேலை என்று முழுச் சுற்று வேலை ஒன்று புதிய கணினியில் முடியும் வரை பழையதை அழிக்கவோ விற்கவோ கூடாது.

எந்தக் கருவி சிறந்தது என்பது இரண்டாம் கேள்வி. கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஈஸி டிரான்ஸ்ஃபர் போனதுபோல இன்றுள்ளவையும் போகும். மீட்டுப் பார்க்காத நகலைக் காப்பு என்று எண்ண வேண்டாம் என்பதே எல்லா முறைகளையும் பார்த்தபின் எஞ்சும் முடிவு. புதிய கணினி வாங்கும் திட்டம் இல்லாதவர்களும் இந்த வாரம் ஒரு வேலை செய்யலாம். உங்கள் பேக்கப் வட்டை வேறொருவரின் கணினியில் செருகி, உங்களுக்கு மிக முக்கியமான ஐந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறக்காத கோப்பு ஏதும் இருந்தால், அதைச் சரிசெய்ய உங்கள் பழைய கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.